கிளிஞ்ச் ஆற்று மட்டிகள்: சாவின் காரணம் தெரியாமல் குஞ்சு விடலாமா?

கூழாங்கல்:
கிளிஞ்ச் ஆறு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்து டென்னசிக்குள் இறங்குகிறது. இங்குள்ள அளவுக்குப் பல வகை நன்னீர் மட்டிகள் ஒன்றாக வாழும் ஆறுகள் அந்த நாட்டிலேயே சொற்பம். டென்னசியில் கைல்ஸ் ஃபோர்டு என்ற இடத்தில், வெறும் 200 மீட்டர் நீளத்தில், 2016-இல் ஃபெசன்ட்ஷெல் என்ற இனத்து மட்டிகள் சுமார் 94,000 இருந்தன. 2019-இல் 14,000கூட மிஞ்சவில்லை. கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது சாவும் தொடங்குகிறது. மணலில் புதைந்து நிற்க வேண்டியவை மேலே வந்து வாய் பிளந்து கிடக்கின்றன. தொட்டால் ஓடுகளை மூடிக்கொள்ளவும் தெம்பில்லை.

2020-இல் ஓர் ஆய்வு வந்தது. நோயுற்ற மட்டிகளில் டென்சோவைரஸ் இருக்கும் வாய்ப்பு, நலமாக இருப்பவற்றைவிட 11 மடங்கு அதிகம் என்றது. ஆனால் அந்த வைரஸ்தான் கொல்கிறது என்று ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை. என் நிலைப்பாடு இதுதான்: காரணம் தெரியும்வரை பொரிப்பகத்தில் வளர்த்த ஃபெசன்ட்ஷெல் குஞ்சுகளை அந்த இடத்தில் விடக் கூடாது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்கு எதற்குச் செலவு?

நதிவழி:
காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆற்றில் சாட்சி இருக்கிறது. கிரீன் பிளாசம் என்ற மட்டியை 1976-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதைக் கடைசியாக உயிருடன் பார்த்தது 1982-இல், இதே கிளிஞ்சில், பெண்டில்டன் தீவருகே. 2023-இல் "அழிந்துவிட்டது" என்று அறிவித்துப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அப்போது நீக்கப்பட்ட 21 உயிரினங்களில் எட்டு நன்னீர் மட்டிகள். பட்டியலில் பெயர் இருந்ததே தவிர, ஆற்றில் உயிர் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆண் மட்டி விந்தைத் தண்ணீரில் விட்டுவிடும். ஓட்டத்தில் கீழே இருக்கும் பெண் அதை உறிஞ்சிக்கொண்டால்தான் கரு. அதன் பிறகும் வேலை முடியவில்லை. தாய் மட்டியின் செவுளில் வளரும் இளம்புழுக்கள் ஏற்ற மீனின் செவுளைக் கவ்விப் பிடித்துச் சில வாரங்கள் ஒட்டியிருக்க வேண்டும். மீன் மாறினால் சாவுதான். மட்டிகள் அடர்ந்து கிடந்த இடத்தில் ஆறு ஏழுக்கு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தூரம் கூடிவிட்டது என்று பொருள். தொட்டியில் மீனையும் இளம்புழுவையும் சேர்த்துவைப்பதால் இந்தச் சூதாட்டத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கிறோம். அதை நிறுத்தச் சொல்கிறீர்களே?

கூழாங்கல்:
வளர்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. விடுவதைத்தான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல, நண்பரே.

நாக்ஸ்வில் மீனா:
இருவரும் வைரஸையே சுற்றி வருகிறீர்கள். இந்த ஆற்றின் பழைய கணக்கை ஒருமுறை புரட்டுங்கள். 1967-இல் வர்ஜீனியாவின் கார்போவில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக் கரை உடைந்து, காரத்தன்மை மிகுந்த சாம்பல் குழம்பு ஆற்றில் கலந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் செத்தன. மூன்றே ஆண்டுகளில் அதே இடத்திலிருந்து கந்தக அமிலம் வந்தது. 1998-இல் சீடர் பிளஃப் அருகே டேங்கர் லாரி கவிழ்ந்து, ரப்பர் தயாரிப்பில் பயன்படும் இரசாயனம் கொட்டியதில் ஆற்றுநீர் பால்போல வெளுத்தது. ஏறத்தாழ 7,000 மட்டிகள் மாண்டன. மேல்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் வேறு.

அமோனியாவுக்கு நன்னீர் மட்டிகள் எவ்வளவு எளிதில் பலியாகும் என்பதைக் கண்டுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல் நன்னீருக்கான அமோனியா வரம்பையே கடுமையாக்கியது. அதற்கு முந்தைய வரம்பு மட்டிகளைக் கணக்கில் எடுக்காமலேயே இத்தனை காலம் ஓடியது! வைரஸைக் கைகாட்டினால் யாருக்கும் பொறுப்பில்லை. சுரங்கத்துக்கும் இல்லை, சாக்கடைக்கும் இல்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

நதிவழி:
மீனா அவர்களே, கோபம் நியாயமானது. ஆனால் இந்தச் சாவு அந்தப் பாணியில் இல்லை. சாம்பலும் அமிலமும் கொட்டியபோது மீன், நத்தை, பூச்சி எல்லாம் சேர்ந்து செத்தன. கொட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கிப் போனது அழிவு. இப்போது மடிவதில் மிகப் பெரும்பகுதி ஒரே இனம். பக்கத்தில் அதே தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் வேறு மட்டிகள் பெரும்பாலும் நிற்கின்றன. ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்ப வருகிறது. எந்த நஞ்சு இப்படி ஆள் பார்த்து, நாள் பார்த்துக் கொல்லும்?

நாக்ஸ்வில் மீனா:
வெப்பம் கொல்லும். ஃபெசன்ட்ஷெல்லின் நெருங்கிய உறவான மக்கெட் மட்டி, நீர் சூடேறினால் மற்ற இனங்களைவிட விரைவில் தளர்ந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோடை முடிவில் சாவு வருவதற்கு அது பொருந்தாதா?

அதோடு, டென்சோவைரஸ் மீது பழி போடுவது இது முதல் முறையும் அல்ல. 2013-இலிருந்து வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் கடல் நட்சத்திரங்கள் கூழாகிச் செத்தன, நினைவிருக்கிறதா? 2014-இல் ஒரு டென்சோவைரஸ்தான் காரணம் என்று கட்டுரை வந்தது. உலகமே நம்பியது. பிறகு பார்த்தால் அதே வைரஸ் வகைகள் நலமான நட்சத்திரங்களிலும் இருந்தன. 2025-இல் சூரியகாந்தி என்ற கடல் நட்சத்திர இனத்தில் செய்த சோதனைகள் ஒரு விப்ரியோ பாக்டீரியாவைக் காரணமாகக் காட்டின. பதினோரு ஆண்டுகள் கழித்து! கிளிஞ்சில் செத்துக்கொண்டிருந்த மட்டிகளிலும் யோக்கெனெல்லா என்ற பாக்டீரியா கிடைத்திருக்கிறது. அதைப் பற்றி ஏன் இங்கே யாரும் வாய் திறக்கவில்லை?

நதிவழி:
யோக்கெனெல்லா முதல் குற்றவாளியா, தளர்ந்த உடலில் பிறகு புகுந்ததா என்பது முடிவாகவில்லை. அதனால்தான் விட்டேன். நட்சத்திரக் கதையில் உங்கள் பக்கம் வலுவுண்டு. ஆனால் அது எதைக் காட்டுகிறது? காரணம் தெரியப் பதினோரு ஆண்டுகள் ஆகலாம் என்பதைத்தானே? அதுவரை குஞ்சுகளைத் தொட்டியிலேயே வைத்திருப்பதா?

மரக்காணம் இறால்காரர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மட்டி தெரியாது, பொரிப்பகம் தெரியும். இறால் தொழிலில் தொண்ணூறுகளில் வெள்ளைப்புள்ளி நோயால் பண்ணை பண்ணையாக அழிந்தது. அப்போது நாங்கள் கற்றது: வைரஸ் குளத்தில் இருந்தாலே இறால் சாவதில்லை. நோய்க்கிருமியைச் சுமந்துகொண்டே வெளித்தோற்றத்துக்கு நன்றாக இருக்கும். வெப்பநிலை திடீரென மாறினாலோ, தண்ணீர் கெட்டாலோ, நெருக்கடி கூடினாலோ ஒரே வாரத்தில் குளம் காலி. ஆகவே வைரஸா, வெப்பமா, தண்ணீரா என்று மூவரும் மல்லுக்கட்டுவது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. மூன்றும் ஒன்றாக நிற்கலாமே.

எங்கள் தொழிலில் தாய் இறாலைச் சோதிக்காமல் முட்டை எடுப்பதில்லை. வனாமி தாய் இறால் வெளிநாட்டிலிருந்து வந்தால் முதலில் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தல் மையத்தில் இருத்துகிறார்கள். கிருமி இல்லை என்றால்தான் பொரிப்பகத்துக்கு வரும். அந்த ஆற்றிலும் தாய் மட்டியைச் சோதித்துவிட்டு இனப்பெருக்கம் செய்தால் என்ன தடை?

கூழாங்கல்:
ஐயா, இறால் தாயைக் கொன்று சோதித்தாலும் அடுத்தது வரும். இங்கே தாய் மட்டிகளே அரிது, வளரப் பல ஆண்டுகள் ஆகும். கொல்லாமல் ஒரு துளி உடல்நீரை உறிஞ்சிச் சோதிக்கலாம், அது உண்மை. ஆனால் எந்தக் கிருமிக்குச் சோதிப்பது? வெள்ளைப்புள்ளி வைரஸ்தான் கொல்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. எங்களிடம் அந்த உறுதிதான் இல்லை. அத்துடன் மட்டிக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் கிடையாது. தடுப்பூசிப் பேச்சுக்கே இடமில்லை.

மரக்காணம் இறால்காரர்:
அப்படியானால் மிஞ்சியவற்றைத் தாயாக எடுங்கள். ஆறு ஏழுக்கு ஒன்று பிழைத்திருக்கிறது என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். எங்கள் தொழிலில் அதைத்தான் தேர்வு இனப்பெருக்கம் என்கிறோம்.

கூழாங்கல்:
பிழைத்தது எதிர்ப்புச் சக்தியாலா, அல்லது கிருமி இன்னும் அந்த மூலைக்கு வரவில்லையா? இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். நான்கைந்து தாய்களிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்து ஆற்றை நிரப்பினால் மரபணு வளமும் சுருங்கிவிடும்.

பார்வையாளன்:
இத்தனை செலவு எதற்கு? ஐரோப்பாவிலிருந்து வந்த ஸீப்ரா மட்டி அமெரிக்க ஏரிகளில் கோடிக்கணக்கில் கிடக்கிறதாமே. தண்ணீரை வடிகட்டுவதுதான் வேலை என்றால் அது செய்துவிட்டுப் போகட்டும்.

நாக்ஸ்வில் மீனா:
1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த விருந்தாளி, உள்ளூர் மட்டிகளின் ஓட்டிலேயே குவியலாக ஒட்டிக்கொண்டு அவற்றை வாய் திறக்க முடியாமல் கொன்றது. அதையா துணைக்கு அழைக்கிறீர்கள்? இதே மக்கள் ஒரு காலத்தில் அயோவாவின் மஸ்கடைனில் மட்டி ஓட்டை வெட்டிச் சட்டைப் பொத்தான் செய்து ஆறுகளை வழித்தெடுத்தார்கள். அப்போதும் மட்டிக்கு ஒரு பயன் சொன்னார்கள். வடிகட்டுவது மட்டுமே அதன் தகுதி என்றால் இந்த விவாதமே வேண்டாம்.

நதிவழி:
மேல் கிளிஞ்சில் கிளீவ்லாந்து அருகே ஆய்ஸ்டர் மஸ்ஸல் என்ற இனம் அற்றுப்போயிருந்தது. டென்னசிப் பகுதியிலிருந்து கொண்டுவந்த வளர்ந்த மட்டிகளையும் ஆய்வகத்தில் வளர்த்தவற்றையும் அங்கே விட்டார்கள்; அவை நிலைத்தன. ஆகவே "ஊற்றினாலும் தங்காது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள் கூழாங்கல். இடத்தையும் இனத்தையும் பார்க்க வேண்டும்.

கூழாங்கல்:
பார்ப்போம். ஆய்ஸ்டர் மஸ்ஸல் அங்கே அழிந்தது பழைய மாசுகளால். மாசு குறைந்ததும் இடம் தயாராக இருந்தது. ஃபெசன்ட்ஷெல்லைக் கொல்லும் ஏதோ ஒன்று ஆற்றில் இருந்துகொண்டே இருக்கிறது. கிளீவ்லாந்தைக் காட்டிக் கைல்ஸ் ஃபோர்டுக்கு அனுமதி கேட்காதீர்கள்.

நதிவழி:
சரி, கைல்ஸ் ஃபோர்டில் வேண்டாம். சாவு எட்டாத ஒரு மேல்பகுதியில், வலைக்கூண்டுக்குள், குறியிட்ட சில நூறு குஞ்சுகள். இரண்டு கோடை பார்க்கலாம். செத்தால் எப்போது, எந்த வெப்பத்தில், உடலில் என்ன கிருமியோடு என்பதாவது தெரியும். காரணத்தைக் கண்டுபிடிக்கவே குஞ்சு தேவை. அதற்குமா மறுப்பு?

நாக்ஸ்வில் மீனா:
கூண்டுக்குப் பக்கத்தில் நாள்முழுதும் அமோனியாவும் வெப்பமும் அளக்கும் கருவி வைப்பதாக இருந்தால் நான் உங்கள் பக்கம். வைரஸை மட்டும் எண்ணுவதாக இருந்தால் இல்லை.

கூழாங்கல்:
கூண்டிலிருந்து தண்ணீர் வெளியே போகும், நதிவழி. உங்கள் குஞ்சுகளோடு கிருமியும் போனால், அது எட்டாமல் இருந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோனது நாம் என்று ஆகிவிடும். முதலில் அந்த மேல்பகுதியில் ஏற்கெனவே வாழும் ஃபெசன்ட்ஷெல்களில் டென்சோவைரஸ் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஏற்கெனவே இருந்தால் கூண்டு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. இல்லாவிட்டால் தொட்டியிலேயே இருக்கட்டும்.

மரக்காணம் இறால்காரர்:
தொட்டித் தண்ணீரை எங்கே விடுவார்கள்?