புதுப்பிப்பு: சண்டைக் காட்சி மங்குவது ஏன்?

இந்த சீசன் அனிமேக்களில் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில்) சண்டை வந்ததும் படம் மங்கி, உருவம் இரட்டையாக இழுபடுவதற்கு ஓவியர்களின் அவசரமே காரணம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தவறு.

1997 டிசம்பர் 16 அன்று போகிமான் அனிமேயின் ஓர் எபிசோடில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னி, ஜப்பானில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதன்பின் வந்த ஒளிபரப்பு விதிப்படி, திரையில் ஒளி மின்னுவது நொடிக்கு மூன்று முறையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வெளிச்சத்தைக் குறைப்பார்கள், பக்கத்துப் பிரேம்களை (அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்களை) ஒன்றோடொன்று கலப்பார்கள். வாளும் வாளும் மோதித் தீப்பொறி பறக்கும் அந்த ஒரு நொடி சாம்பல் பூசியதுபோல் ஆவது இதனால்தான். பின்னர் வரும் ப்ளூரே வட்டில் பெரும்பாலும் இதை எடுத்துவிடுவார்கள்.

அதனால் வரப்போகும் தொடர்களின் ஓவியத் தரத்தை எடைபோட, சண்டையை விட்டுவிட்டு, சும்மா நடந்து பேசும் காட்சியைப் பாருங்கள். நொடிக்கு 24 பிரேமில் ஓர் ஓவியம் இரண்டு, மூன்று பிரேம் நிற்பது வழக்கம்தான், குறையல்ல. ஒரே பாத்திரத்தின் முகம் ஷாட்டுக்கு ஷாட் மாறினால்தான் கவலை.