பொருள்: 'முன்னிடைச்சொல்' போதாது, 'முன்னுருபு' வைப்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'பிரிப்பொசிஷன்' (ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் 'பை', 'டு', 'அன்டில்' போன்ற சொல்) என்பதற்கு 'முன்னிடைச்சொல்' ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதற்கு என்று கொழும்பு அண்ணை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்தச் சொல் பிழை என்று நான் சொல்லவரவில்லை. வகுப்பில் அது உதவவில்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பின்னேரங்களில் அலுவலக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வருகிறவர்கள் வேலைக்குப் போகிற பிள்ளைகள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நாள்தோறும் மின்னஞ்சல் எழுதுகிறவர்கள். 'முன்னிடைச்சொல்' என்று பலகையில் எழுதினால் கொப்பியில் குறித்துக்கொள்வார்கள். அதோடு சரி. ஏ, ஓ, உம் தொடங்கி மன், கொல் எல்லாம் இடைச்சொல் என்ற ஒரே கூடைக்குள்தான் கிடக்கின்றன. அந்தக் கூடைக்கு 'முன்' என்று பெயர் ஒட்டினால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை, வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வரும் என்று எழுதப்போய், 'பை ஃப்ரைடே' வரவேண்டிய இடத்தில் 'அன்டில் ஃப்ரைடே' போட்டுவிட்டது. 'வெள்ளிக்கிழமை மட்டும் தவணை இருக்கு' என்பது மனதில் ஓடியிருக்கிறது. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் பேச்சில் 'அஞ்சு மணி மட்டும்' என்றால் ஐந்து மணி வரை.) ஓர் அறிக்கை போதும், வெள்ளி வரை ஏன் அனுப்பிக்கொண்டே இருக்கப்போகிறீர்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்ததாம்.

அன்று பலகையில் இரண்டு சொல்தான் எழுதினேன்: வெள்ளிக்குள், வெள்ளிவரை. 'உள்' வந்தால் 'பை', 'வரை' வந்தால் 'அன்டில்'. எல்லோருக்கும் ஒரே தடவையில் பிடிபட்டது. அப்புறம் விலை உயர்வு. விலை 500 ரூபாவால் கூடியது என்றால் 'பை', 500 ரூபாவாகக் கூடியது என்றால் 'டு'. கேள்விப் பத்திரத்தில் (டெண்டரில்) இந்த இரண்டும் மாறினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'ஆல்', 'ஆக' இரண்டும் தமிழில் ஏற்கெனவே காவல் நிற்கின்றன. ஆங்கிலத்தில் அந்தக் காவல்காரர் பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழையும் இப்படித்தான். 'விலையைப் பற்றி' என்று நாங்கள் பேசுவதால் 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த வினைக்கு வேண்டியது இரண்டாம் வேற்றுமை மட்டும். ஆங்கிலத்தில் 'ஐ'க்கு உருபே இல்லை, வினைக்குப் பின்னால் நிற்கும் இடமே போதும் என்று சொன்னால் கேட்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: பிரிப்பொசிஷன் 'முன்னுருபு'. அது தலைமை தாங்கும் தொடர் 'முன்னுருபுத் தொடர்'. தமிழில் 'பற்றி', 'குறித்து' போன்ற சொல்லுருபுகள் (உருபின் வேலையைச் செய்யும் தனிச்சொற்கள்) வினையிலிருந்து வந்தவை. ஆங்கிலத்திலும் 'ரிகார்டிங்', 'கன்சேர்னிங்' வினையிலிருந்து வந்தவைதான். உறவு இவ்வளவு கிட்டவாக இருக்கும்போது அந்நியமாக ஏன் பெயர் வைப்பான்?

---

> ஆகவே என் முன்மொழிவு: பிரிப்பொசிஷன் 'முன்னுருபு'.

தம்பி, நோக்கம் நல்லது. சொல்தான் இடிக்கிறது. உருபு 'ஈறு பெயர்க்கு ஆகும் இயற்கைய' என்கிறது தொல்காப்பியம். பெயரின் முடிவில் வருவதே அதன் இயல்பு. முன்னுருபு என்றால் முன்வால் என்று சொல்வதுபோல இருக்கிறது.

அடுத்தது 'முன்'. நன்னூலில் 'யரழ முன்னர்க் கசதப' என்றால் ய, ர, ழவுக்குப் பின்னால் வருகிற க, ச, த, ப. இலக்கணம் படித்தவன் 'முன்' என்பதைக் கண்டால் எந்தப் பக்கம் பார்ப்பான்? இந்தக் குற்றம் 'முன்னிடைச்சொல்'லுக்கும் உண்டு. 'முந்துசொல்' என்று வையும்.

---

மாஸ்ரர், 'முன்' விடயத்தில் தோற்றுவிட்டேன். அதை நான் யோசிக்கவே இல்லை.

'முந்துசொல்' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடருக்கு வந்ததும் சிக்கல். 'முந்துசொற்றொடர்' என்று சேர்த்தால் முந்திய சொற்றொடர் என்று பொருள் திரும்பிவிடும். பிரித்து எழுதுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது.

உருபை விட எனக்கு மனமில்லை. தொல்காப்பியர் சொன்னது தமிழ் உருபின் இயல்பை. வேறொரு மொழியில் அந்த வேலையைச் செய்கிற சொல் இடம் மாறி நிற்கிறது என்பதைத்தான் பெயர் காட்டவேண்டும்; முரண் தெரிந்தால் தெரியட்டும், பிள்ளை மறக்காது. பிரிப்பொசிஷன் தனிச்சொல், ஒட்டு அல்ல என்று கொழும்பு அண்ணை தனி மடலில் எழுதியிருந்தார். சொல்லுருபும் தனிச்சொல்தானே, அதை உருபு என்றுதானே சொல்கிறோம்?

நேற்று வகுப்பில் உங்கள் மடலை வாசித்துக் காட்டினேன். பின்வாங்கில் இருந்த பிள்ளை சொன்னது: "அப்ப, உருபு முந்தீட்டுது எண்டு சொல்லுங்கோவன்."

முந்துருபு. முந்துருபுத் தொடர். 'முந்து' உங்களுடையது, உருபு என்னுடையது, சேர்த்தது அந்தப் பிள்ளை. கலைச்சொல் பட்டியலில் இப்படியே போடலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.