புதுப்பிப்பு: புதுச்சேரி–கடலூர் இ-சைக்கிள், ஹேண்டில்பார் மாற்றிய பிறகு

கேமரா, ட்ரைபாடோடு அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போய் வந்தால் இடுப்பு விட்டுப்போகிறது, இ-சைக்கிளில் என்ன மாற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் அகலமான சீட் போடச் சொன்னீர்கள். போட்டேன், நல்லதுதான். ஆனால் நிஜமான நிம்மதி ஹேண்டில்பாரில் கிடைத்தது. பழைய சைக்கிள் மாதிரி பின்னோக்கி வளைந்த பார்; உடம்பு நிமிர்ந்தது, உள்ளங்கை மரத்துப்போவது நின்றது. நிமிர்ந்தால் எடை முழுக்க சீட்டுக்கு இறங்கும், அதனால் ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட்டும் (சீட்டைத் தாங்கும் குழாய்) சேர்த்தே போடுங்கள். பிரேக் கேபிளும், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் ஒயரும் புது பாருக்கு எட்டுமா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

முதுகுப்பையை விட்டாச்சு. கேரியரின் இருபக்கமும் பை, கனமானது அடியில். மோட்டார் பின்சக்கரத்தின் நடுவே, ஹப்பில் இருப்பதால் அங்கே ஏற்கெனவே பாரம் அதிகம். ஸ்போக் இறுக்கத்தை அடிக்கடி பார்க்கணும். கேரியர் போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம்ம உப்புக்காற்றில் சாதாரண போல்ட் துருவேறி, கழற்றும்போது தலை வழுக்கிவிடும்.

பெரிய மோட்டார் போடச் சொன்ன தம்பிக்கு: பதிவும் லைசென்ஸும் வேண்டாமென்றால் 250 வாட், 25 கி.மீ. வேகத்துக்குள்தான் இருக்கணும். எனக்கு இதுவே தாராளம்.