பாட்டி வீட்டுப் பிள்ளைகள்: வியாழன் இரவு

கவிதா: ராஜு மாமா, கார் ஸ்டீயரிங்கில் ஏதோ சத்தம். கார் பார்க்கில் ரிவர்ஸ் எடுத்து முழுசாக ஒடிக்கும்போது வருகிறது. நாளை ராத்திரி ஈப்போ கிளம்ப வேண்டும்.

கவிதா: குரல் பதிவு, 0:09

மாலா சித்தி: தேக்காவில் கண்ணாடி வளையல் வாங்கிவிட்டேன். பச்சை ஆறு டஜன், சிவப்பு ஆறு டஜன். யார் காரில் வைப்பது?

பிரவீன்: அம்மா, முதலில் கார் ஓடட்டும்

ராஜு மாமா: கேட்டேன். ஏசி காற்றுச் சத்தம்தான் பெரிதாக இருக்கிறது. கவிதா, இதைச் சொல். கார் நிற்கும்போது திருப்பினாலும் வருகிறதா? இல்லை, ஓடும்போது மட்டுமா? ஹம்ப் ஏறும்போது?

கவிதா: நிற்கும்போதும் வருகிறது

பிரவீன்: பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றினால் போய்விடும்

ராஜு மாமா: எதையும் ஊற்றாதே. ஆயில் ஸ்டீயரிங் உள்ள கார் என்றால், கடைசி வரை ஒடிக்கும்போது பம்ப் ம்ம்ம் என்று முனகும். ஆயில் குறைந்திருக்கும், இல்லை காற்று புகுந்து நுரைத்திருக்கும். அப்போதும் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் ஊற்றிப் பயனில்லை. கவிதா காரில் எலெக்ட்ரிக். ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது. மெதுவாக ஓடிக்கொண்டே திரும்பும்போது கட கட கட என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். ஹம்ப்பில் டொக் என்றால் டை ராட் எண்ட், லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், சக்கரத்தைப் பிடித்திருக்கும் இந்தப் பாகங்களில் ஏதாவது ஒன்று. எனக்குப் பயமே அந்த டொக்தான்.

கவிதா: டொக் இல்லை மாமா. டொய்ங்

பிரவீன்: டொய்ங்கா?

சேகர் சித்தப்பா: விஇபி, மலேசியாவுக்குள் கார் நுழையும் அனுமதி, போட்டாச்சா? இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம்

கவிதா: போட்டாச்சு சித்தப்பா

சேகர் சித்தப்பா: முக்கால் டாங்க் பெட்ரோல். மறந்தால் சிங்கப்பூர் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்

மாலா சித்தி: வளையல் உடையும், டிக்கியில் வேண்டாம்

ராஜு மாமா: டொய்ங் என்றால் ஸ்பிரிங். கீழே போய்ப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, அருண் உள்ளே உட்கார்ந்து இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு மெதுவாகத் திருப்பட்டும். நீ பானெட்டைத் திற. இரண்டு ஓரத்திலும் அப்சார்பரின் தலை தெரியும். அதன் மேல் உள்ளங்கையை வை. ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுப் போ.

கவிதா: சரி

மாலா சித்தி: முறுக்கு யார் பொறுப்பு?

பிரவீன்: நீங்கள்தான் அம்மா

மாலா சித்தி: போன தடவையும் நான்தான்

கவிதா: பார்த்துவிட்டேன் மாமா. வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ முறுக்கிக்கொண்டே போய் வெடுக்கென்று உதைக்கிறது. உதைக்கும்போதுதான் டொய்ங்.

ராஜு மாமா: அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. அப்சார்பர் மவுண்டிங்கில் ஒரு பேரிங் இருக்கும். ஸ்டீயரிங்கோடு ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப அதுதான் வழிவிட வேண்டும். அது இறுகிப்போனால் ஸ்பிரிங் திரும்ப முடியாமல் முறுக்கேறி, ஒரு கட்டத்தில் விட்டுத் துள்ளும். இரண்டு பக்கமும் மாற்றிவிட்டு அலைன்மென்ட் பாருங்கள். அருண், நடுவில் இருக்கும் நட்டை நீயாகக் கழற்றிவிடாதே. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கக் கருவி வேண்டும். இல்லையென்றால் ஆளை அடித்துவிடும்.

அருண்: நாளைக்கு எனக்கு லீவு இல்லை மாமா. ஈப்போ போய்விட்டு வந்து மாற்றலாமா? டொய்ங்தானே

பிரவீன்: ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது அண்ணா

ராஜு மாமா: அருண், ஒன்று சொல்கிறேன். 2009இல் அப்பா இறந்த செய்தி வந்து சேகர் மாப்பிள்ளை காரில் கிளம்பினோம். துவாஸ் சோதனைச் சாவடி தாண்டும்போதே மாப்பிள்ளை கேட்டார், "மச்சான், இடது சக்கரத்தில் டொக்கென்று கேட்கிறதே" என்று. பட்டறையில் வேலை செய்தவன் நான். ஒன்றுமில்லை, ஓட்டுங்கள் என்றேன். பாகோ ஓய்விடத்துக்குள் திரும்பும்போது பால் ஜாயிண்ட் கழன்று சக்கரம் மடங்கிவிட்டது. இழுவை வண்டி வந்து, டாக்சி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை காரைக் கவனிக்காமல் விட்டார் என்று ஈப்போ அக்கா இன்னும் சொல்கிறார். மாப்பிள்ளை கேட்டார். நான்தான் ஓட்டச் சொன்னேன்.

மாலா சித்தி: அண்ணா

சேகர் சித்தப்பா: விடுங்கள் மச்சான்

மாலா சித்தி: இவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை

கவிதா: மாமா, நாளைக் காலையில் நானே எடுத்துப் போகிறேன். காக்கி புக்கிட்டில் உங்களுக்குத் தெரிந்த பட்டறை எத்தனை மணிக்குத் திறக்கும்?

ராஜு மாமா: ஒன்பது. நானும் வருகிறேன். சாமான் கையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அருண்: சாமான் இல்லையென்றால்?

சேகர் சித்தப்பா: என் காரில் ஏழு பேர் போகலாம்

பிரவீன்: நாம் மொத்தம் எட்டு

மாலா சித்தி: வளையல் என் மடியில் இருக்கட்டும்

ஈப்போ பெரியம்மா: இப்போதுதான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். ராஜு, போன் எடு.

பிரவீன்: அப்போது எட்டாவது ஆள் பஸ்ஸா?

ஈப்போ பெரியம்மா: சேகர் தம்பி, நீங்களும் தூங்கிவிடாதீர்கள். அவனிடம் பேசிவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன்.

சேகர் சித்தப்பா: சரி அண்ணி

மாலா சித்தி: முறுக்கு எத்தனை கிலோ அக்கா?