எம்.பி.பி.எஸ். முடித்தவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் செல்ல வழி என்ன?

கேள்வி:
மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றுகிறேன். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமாடினிப் மாத்திரை பலருக்கு ஆண்டுக்கணக்கில் கைகொடுக்க, சிலருக்கு மட்டும் ஏன் இடையில் பயனற்றுப் போகிறது என்பதே என் மனத்தைக் குடையும் கேள்வி. எம்.டி. படிக்காமல் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வில் சேர முடியுமா? சேர்ந்தால் நோயாளிகளை அடியோடு விட்டுவிட நேருமா?

மறுமொழி 1:
முடியும், டாக்டர். முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை பெற்றுத்தரும் சி.எஸ்.ஐ.ஆர்.-யூ.ஜி.சி. நெட் தேர்வை எழுத எம்.பி.பி.எஸ். பட்டமே தகுதிதான். உயிர் அறிவியல் தாளில் தாவர உடலியலும் சூழலியலும் உண்டு என்பதால், மருத்துவர்கள் அவற்றைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

மறுமொழி 2:
என் கருத்து வேறு. எம்.டி. நோயியல் முடித்துவிட்டுச் செல்லுங்கள். கட்டியின் திசுவை நுண்ணோக்கியில் தாமே பார்த்துச் சொல்லக்கூடியவருக்கு எந்த ஆய்வுக் குழுவிலும் மதிப்பு உண்டு. ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும் தொழில் கையில் இருக்கும்.

மறுமொழி 3:
எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஆய்வகத்துக்கு வந்தவள் நான். உங்கள் கேள்விக்கு முதல் விடை கண்ட குழுவை வழிநடத்தியவரும் ஒரு மருத்துவரே. அமெரிக்காவில் இமாடினிப்புக்கு அனுமதி கிடைத்த அதே 2001இல், மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளின் செல்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் சார்லஸ் சாயர்ஸின் குழுவினர், அவர்களுள் சிலரிடம் நோய்க்குக் காரணமான புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதிலாக ஐசோலூசின் இருப்பதைக் கண்டனர். அந்த ஓர் அமினோ அமிலம் மாறியதாலேயே மருந்தால் புரதத்தைப் பற்ற முடியவில்லை. பின்னர் வந்த பொனாடினிப் என்ற மருந்து அந்த மாற்றம் உள்ளவர்களுக்கும் வேலை செய்கிறது. சாயர்ஸ் கேட்டது உங்களைப் போல வார்டில் எழுந்த கேள்வியைத்தான், ஆகவே எம்.டி.க்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன்.

பழக்கம்தான் மாற வேண்டும். வார்டில் கிடைத்த தகவலை வைத்து அப்போதே முடிவெடுத்தாக வேண்டும். ஆய்வகத்திலோ, புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையை இரண்டு நாள் உழைத்து எடுத்து, அதில் பட்டை எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தாலும், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி (கன்ட்ரோல்) ஓடவில்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இதற்குப் பழக எனக்கு நெடுநாள் ஆயிற்று.

நோயாளிகளை விட மனமில்லையென்றால், நவி மும்பை கார்கரில் உள்ள டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆய்வு மையமான ஆக்ட்ரெக் போல, ஆய்வகமும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் அமைந்த நிறுவனங்களைப் பாருங்கள். உதவித்தொகை முழுநேர ஆய்வுக்கானது என்பதால், வாரம் ஒருநாள் புறநோயாளிப் பிரிவில் இருக்க இசைவாரா என்று நெறியாளரிடம் சேருமுன்பே கேட்டுவிடுங்கள்.