உதவி: ராஸ்பெர்ரி பை 4, கொலிப்ரி – சில காலைகளில் பாடங்கள் எல்லாம் காணாமல் போகின்றன

கரும்பலகை (கேள்வி):

வணக்கம். இணைய இணைப்பு இல்லாத ஒரு பள்ளிக்காகக் கொலிப்ரியும் (இணையம் இல்லாமல் பாடம் தரும் மென்பொருள்) கிவிக்ஸும் (விக்கிப்பீடியா போன்றவற்றை இணையம் இல்லாமல் காட்டுவது) நிறுவிய கணினி இது. அமைப்பு இப்படி:

ராஸ்பெர்ரி பை 4 (கையடக்கச் சிறு கணினி, கீழே சுருக்கமாகப் பை), 4 ஜிபி ரேம். 32 ஜிபி எஸ்டி கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட், 64 பிட். பாடங்கள் முழுக்க 500 ஜிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் (சுழலும் வகை, தனி மின்சாரம் இல்லை), எக்ஸ்ட்4 ஃபார்மட். கொலிப்ரியின் ஹோம் ஃபோல்டரையும் டிஸ்குக்கே மாற்றியாயிற்று. மின்சாரத்துக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர் கைபேசி சார்ஜர். பையின் வைஃபையே ஹாட்ஸ்பாட். 32 டேப்லெட்டுகள்.

பிரச்சினைகள்:

1. வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் கொலிப்ரி புதிதாக நிறுவியது போல மொழி கேட்கிறது, நிர்வாகி கணக்கு உருவாக்கச் சொல்கிறது. அணைத்துப் போட்டால் சில சமயம் பழையது திரும்பி வருகிறது.

2. எஸ்டி கார்டு நிரம்பிவிட்டது என்கிறது. ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டினால் 9 ஜிபி கூட வரவில்லை.

3. விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸுக்காக அடக்கிய ஜிம் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றும்போது 4 ஜிபி ஆனதும் நின்றுவிடுகிறது.

4. பத்துப் பன்னிரண்டு டேப்லெட் சேர்ந்ததும் வீடியோ திணறுகிறது. சிலவற்றில் வைஃபை இணைந்தும் பக்கம் திறப்பதில்லை.

முதலாவதுதான் பெரிய கவலை. அப்படி வெறுமையாக வந்த ஒரு நாளில், பாடங்கள் அழிந்துவிட்டன என்று நினைத்துப் பென்டிரைவிலிருந்து ஒரு சானலை (பாடத் தொகுப்பு) மறுபடி ஏற்றி, இரண்டு நாள் பிள்ளைகள் அதில் பயிற்சி செய்தார்கள். அந்தப் பதிவுகள் வேண்டும்.

வேர்க்கோப்பு:

முதலில் ஒன்று: எதையும் அழிக்காதீர்கள், மறுபடி நிறுவாதீர்கள். உங்கள் பழைய பாடங்களும் அந்த இரண்டு நாள் பதிவுகளும் இரண்டுமே பத்திரமாக இருக்கின்றன என்றே தோன்றுகிறது. முதல் இரண்டு பிரச்சினைகளும் ஒன்றே.

உறுதிசெய்ய மூன்று தகவல் கொடுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணையவேண்டும் என்ற பட்டியல்) ஹார்ட் டிஸ்குக்கு எழுதிய வரி. கொலிப்ரி வெறுமையாக வரும் காலையில் ஃபைன்ட்எம்என்டி கட்டளை (இணைந்துள்ள டிஸ்குகளைப் பட்டியலிடுவது) அந்த டிஸ்கைக் காட்டுகிறதா இல்லையா. டிஸ்க் மவுன்ட் ஆகும் (அதாவது இணைந்து தெரியும்) ஃபோல்டரின் உரிமையாளர் யார், அந்த உரிமையை டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கும்போது மாற்றினீர்களா, அதற்கு முன்பேவா?

கரும்பலகை:

எஃப்எஸ்டேப் வரி: டிஸ்கின் யுயுஐடி (அடையாள எண்), எம்என்டிக்குள் பாடம் என்ற ஃபோல்டர், எக்ஸ்ட்4, டிஃபால்ட்ஸ், நோஃபெயில், கடைசியில் 0 2.

இன்று காலை வெறுமையாக வந்தது. ஃபைன்ட்எம்என்டியில் டிஸ்க் இல்லை. ஃபோல்டரை உருவாக்கிய கையோடு கொலிப்ரி பயனருக்கு உரிமை கொடுத்தேன். பிறகுதான் மவுன்ட் செய்தேன். மவுன்ட் ஆனபின் மறுபடி ஒருமுறை கொடுத்தேன்.

வேர்க்கோப்பு:

அதேதான். நடப்பது இது.

மவுன்ட் செய்யும் இடம் என்பது எஸ்டி கார்டில் இருக்கும் சாதாரண ஃபோல்டர். டிஸ்க் வந்து அதன்மேல் அமரும்போது கீழே இருப்பது மறைந்துவிடும், அழிவதில்லை. நோஃபெயில் என்று எழுதியதால், டிஸ்க் வராவிட்டாலும் கணினி தொடர்ந்து எழும்பிவிடும். கொலிப்ரி தன் ஹோம் ஃபோல்டரைத் தேடுகிறது, கார்டிலுள்ள காலி ஃபோல்டர் கிடைக்கிறது, எழுதும் உரிமையும் இருக்கிறது. உடனே அங்கே புது டேட்டாபேஸ் உருவாக்கி, முதல் நாள் கேள்விகளைக் கேட்கிறது. நீங்கள் மறுபடி ஏற்றிய சானல் அந்த மறைவான இடத்துக்குள் போய்விட்டது. அதனால்தான் கார்டு நிரம்பியிருக்கிறது. டிஸ்க் மேலே இருக்கும்போது நீங்கள் ஃபோல்டர்களைக் கூட்டினால் அது கணக்கில் வராது.

உரிமையை மவுன்ட் ஆனபின் மட்டும் கொடுத்திருந்தால், காலி ஃபோல்டர் ரூட் என்ற முதன்மை நிர்வாகியின் கையில் இருந்திருக்கும். கொலிப்ரி எழுத முடியாமல் பிழை காட்டி நின்றிருக்கும். முதல் நாளே விஷயம் தெரிந்திருக்கும்.

நோஃபெயிலை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்காதீர்கள். எடுத்தால் டிஸ்க் வராத நாளில் கணினி அவசர நிலையில் நின்றுவிடும். திரையும் விசைப்பலகையும் இல்லாத கணினிக்கு அது பயன்படாது. மாறாக:

சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் எடிட் மூலம் கொலிப்ரி சேவைக்கு ஒரு கூடுதல் கோப்பு திறந்து, யூனிட் பகுதியின் கீழ் ரிக்கொயர்ஸ்-மவுன்ட்ஸ்-ஃபார் என்ற வரியில் (இடையில் கோடுகள் இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும்) மவுன்ட் பாதையைக் கொடுங்கள். பிறகு டீமன் ரீலோட் (மாற்றிய அமைப்பை மறுபடி படிக்கவைப்பது). இனி டிஸ்க் மவுன்ட் ஆகும்வரை கொலிப்ரி காத்திருக்கும். மவுன்ட் ஆகவில்லையென்றால் தொடங்கவே தொடங்காது. கிவிக்ஸ் சேவைக்கும் இதையே செய்யுங்கள். நோஃபெயில் இருக்கும்போது மற்ற சேவைகள் டிஸ்குக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே டிஸ்க் சில விநாடி தாமதமாக வந்தால்கூடப் பழைய அமைப்பில் இதே குழப்பம் வரும். இந்த ஒரு வரி இரண்டையும் தடுக்கும்.

அடுத்தது, டிஸ்கைக் கழற்றிய நிலையில், காலி ஃபோல்டரின் மேல் சிஹெச்அட்டர் கட்டளையால் மாற்றமுடியாத அடையாளம் போடுங்கள். பிறகு ரூட் உட்பட யாரும் அதற்குள் எழுத முடியாது. மேலே டிஸ்க் மவுன்ட் ஆவதற்கு இது தடையில்லை. ஆனால் இதை அந்த இரண்டு நாள் பதிவுகளை வெளியே எடுத்தபிறகு செய்யுங்கள்.

பதிவுகளை எடுக்கும் வழி: கொலிப்ரியை நிறுத்துங்கள். கார்டின் வேர் ஃபோல்டரை (/) இன்னொரு காலி ஃபோல்டரில் பைண்ட் மவுன்ட் செய்யுங்கள், அதாவது அதே ஃபோல்டரை இரண்டாவது இடத்திலும் தெரியவையுங்கள். அதன் வழியாகப் பார்த்தால் டிஸ்குக்குக் கீழே மறைந்த உண்மையான பாடம் ஃபோல்டர் தெரியும். அதை முழுதாக வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். அங்கே அதே பதிப்புக் கொலிப்ரியை நிறுவி, ஹோம் ஃபோல்டராக நகலைக் காட்டித் தொடங்கினால், அந்த இரண்டு நாள் அமைப்பு அப்படியே எழும். ஃபெசிலிட்டியின் (கொலிப்ரியில் ஒரு பள்ளிக்கான அமைப்பு) தரவுப் பக்கத்தில் அமர்வுப் பதிவு, சுருக்கப் பதிவு இரண்டையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

பழைய அமைப்போடு அது ஒட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக உருவானது வேறொரு ஃபெசிலிட்டி. ஒரே பெயரில் கணக்குகள் இருந்தாலும் கொலிப்ரிக்கு அவர்கள் வேறு ஆட்கள். டேட்டாபேஸ் கோப்பை மாற்றி வைத்து ஒட்டவைக்க முயன்றால் உள்ளதும் கெடும்.

மின்கம்பி:

வேர்க்கோப்பு சொன்னது எல்லாம் சரி. ஆனா டிஸ்க் ஏன் காலையில வரல? அதைப் பிடிக்காம விட்டா கொலிப்ரி காலியா வர்றதுக்குப் பதிலா வராமலே இருக்கும், அவ்வளவுதான்.

சார்ஜரைப் பாருங்க. பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேணும். நீங்க குடுக்கிறது 2. பையோட நாலு யுஎஸ்பி துளைக்கும் சேர்த்து மொத்தமே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். சுழலுற டிஸ்க் கிளம்புற அந்தச் சில விநாடிதான் அதிகமா இழுக்கும், கிட்டத்தட்ட 1 ஆம்பியர் வரைக்கும். அதே நேரத்துல பையும் எழும்பிட்டு இருக்கு. வோல்டேஜ் சரியுது, டிஸ்க் விழுந்துடுது.

சோதிக்க: பையோட நிலையைச் சொல்ற விசிஜென்சிஎம்டி கட்டளைல கெட் த்ராட்டில்ட் கேளுங்க. பூஜ்யம் வந்தா நல்லது. 50000ன்னு வந்தா பை எழும்பினதுக்கு அப்புறம் ஒருமுறையாவது வோல்டேஜ் இறங்கியிருக்கு. 50005ன்னா இப்ப இந்த நிமிஷமே இறங்கித்தான் இருக்கு. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனா இந்த அடையாளம் விழும். பையை அணைச்சு மறுபடி போட்டா பழைய அடையாளம் அழிஞ்சிடும், அதனால அணைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க.

தீர்வு: 3 ஆம்பியர் அடாப்டர், கேபிள் கூடவே சேர்ந்து வர்ற வகை. மெல்லிய நீளக் கேபிள்லயே அரை வோல்ட் போயிடும். நல்ல அடாப்டர் வாங்கிட்டு பழைய கேபிளை மாட்டினா பலன் இல்ல. டிஸ்குக்குத் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப். இல்லன்னா டிஸ்கையே மாத்தி எஸ்எஸ்டி போடுங்க. கிளம்பும்போது அந்த இழுப்பு இருக்காது. என் தேர்வு எஸ்எஸ்டிதான், பாடம் எல்லாம் படிக்கிற வேலைதானே, எழுதுறது கொஞ்சம்.

இன்னொண்ணு, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குப் பக்கத்துல யுஎஸ்பி 3 கேபிள் போனா இரைச்சல் கிளம்பும். டிஸ்கைப் பைக்கு ஒட்டி வைக்காதீங்க, ஒரு முழமாவது தள்ளி வைங்க. உங்க நாலாவது பிரச்சினையில இதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

அலைவரிசை:

மூன்றாவதும் நான்காவதும்.

பென்டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. காலி இடம் எவ்வளவு இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். எடுத்துச்செல்ல எக்ஸ்ஃபேட், சர்வரில் எக்ஸ்ட்4. ஏற்றியபின் ஷா256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுவிடுங்கள். பாதியில் கெட்ட ஜிம் கோப்பு திறக்கும், தேடும், ஏதோ ஒரு கட்டுரையில் மட்டும் விழும். பிறகு காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

வைஃபை: பைக்குள் இருக்கும் சிறிய சிப் 32 டேப்லெட்டுக்கான கருவி அல்ல. எத்தனை வைஃபை சேனல் மாற்றினாலும் அது தீராது. ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரை ஈதர்நெட் கேபிளால் பையோடு இணைத்து, பையின் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள். கேபிள் ரவுட்டரின் லேன் (உள் வலை) துளையில் போகவேண்டும், வேன் (வெளி இணையம்) துளையில் அல்ல. வேன் துளையில் போட்டால் ரவுட்டர் பையை வெளியுலகம் என்று நினைத்துக்கொள்ளும்.

முகவரி வழங்கும் வேலையை ஒருவர்தான் செய்யவேண்டும். ரவுட்டரே செய்யட்டும், 192.168.1.50 முதல் 200 வரை டேப்லெட்டுகளுக்கு. பைக்கு நிலையாக 192.168.1.10. ஹாட்ஸ்பாட்டுக்காகப் பையில் போட்ட, முகவரி வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இருவரும் வழங்கினால் சில டேப்லெட் திறக்கும், சில திறக்காது; அதுவும் நாளுக்கொன்றாக மாறும்.

அலைவரிசைக் கணக்கு: ஒரு வீடியோவுக்கு 1 எம்பிபிஎஸ் வைத்தாலும் 32 பேருக்கு 32. 2.4 கிகாஹெர்ட்ஸில் நடைமுறையில் கிடைப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான், அதையும் எல்லோரும் பங்கிட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள ரவுட்டராகப் பாருங்கள். சானல் ஏற்றும்போது குறைந்த தெளிவு வீடியோக்களைத் தேர்ந்தெடுங்கள். சிறு திரையில் வித்தியாசம் தெரியாது.

இணைந்தும் திறக்காத டேப்லெட்டுகள்: ஆண்ட்ராய்டு இணையம் இல்லை என்று கண்டதும் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை அணையுங்கள், "இணையம் இல்லாவிட்டாலும் இணைந்தே இரு" என்ற கேள்வி வந்தால் ஆம் கொடுங்கள். முகவரிப் பட்டையில் எச்டிடிபி என்பதையும் 8080 என்ற போர்ட்டையும் (சேவையின் வாசல் எண்) சேர்த்து முழுதாக அடியுங்கள். இல்லையென்றால் பிரவுசர் தானாகப் பாதுகாப்பு வழியை முயன்று தோற்கும்.

கரும்பலகை:

முடிவுகள். கெட் த்ராட்டில்ட் 50005. 3 ஆம்பியர் அடாப்டரும் எஸ்எஸ்டியும் மாற்றியபின் நான்கு நாளாக 0. பைண்ட் மவுன்ட் வழியாகப் பார்த்தபோது மறைந்த ஃபோல்டரில் 17 ஜிபி இருந்தது. நகலெடுத்து, இரண்டு நாளுக்கான சிஎஸ்வி கோப்புகளும் எடுத்தாயிற்று. பிறகு அதை அழித்து மாற்றமுடியாத அடையாளம் போட்டேன். எஸ்எஸ்டியை வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் பையை எழுப்பிப் பார்த்தேன்: கொலிப்ரி தொடங்கவில்லை, கார்டில் ஒரு பைட்டும் ஏறவில்லை. மிக்க நன்றி.

ரவுட்டருக்குப் பின் 32 டேப்லெட்டிலும் வீடியோ ஓடுகிறது. இரண்டு மிச்சம். வீடியோ ஓடினாலும் ஊடாடும் விளையாட்டுப் பாடங்கள் மட்டும் வெள்ளைத் திரையாக நிற்கின்றன. பதிவுகளில் இன்றைய வேலை நேற்றைய தேதியில் விழுகிறது.

வேர்க்கோப்பு:

வெள்ளைத் திரை: அந்த வகைப் பாடங்களைக் கொலிப்ரி பாதுகாப்புக்காக 8080இல் தராமல் தனியாக இன்னொரு போர்ட்டில் தருகிறது. எண் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு போர்ட் அமையும். பையில் ஃபயர்வால் (திறக்காத போர்ட்டுகளைத் தடுப்பது) போட்டிருக்கிறீர்கள், 8080 மட்டும் திறந்திருக்கிறீர்கள், சரிதானே? ஹோம் ஃபோல்டரில் உள்ள ஆப்ஷன்ஸ் கோப்பில் டிப்ளாய்மென்ட் பகுதியில் ஜிப் கன்டென்ட் போர்ட்டுக்கு ஒரு நிலையான எண் கொடுங்கள், 8081 போல. ஃபயர்வாலில் அதையும் திறந்து கொலிப்ரியை மறுபடி தொடங்குங்கள். கிவிக்ஸ் அந்த எண்ணில் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வாரம் ஒருமுறை கொலிப்ரியை நிறுத்தி, மேனேஜ் கட்டளையின் டிபிபேக்கப் ஓட்டி, வரும் கோப்பைப் பென்டிரைவுக்கு எடுத்துவையுங்கள். பாடங்களை மறுபடி இறக்கலாம், பிள்ளைகளின் பதிவுகளை இறக்க முடியாது.

மின்கம்பி:

தேதி விஷயம்: பை 4ல கடிகாரச் சிப் கிடையாது. அணைக்கும்போது என்ன நேரம் குறிச்சு வச்சதோ அங்கிருந்தே மறுநாள் தொடங்கும். இணையம் இருந்தா தானா திருத்திக்கும், உங்களுக்கு இல்ல. டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணு வாங்கி ஐ2சி-ல (சிறு கருவிகளை மாட்டுற பின் இணைப்பு) மாட்டுங்க. கன்ஃபிக் கோப்புல ஐ2சி ஆர்டிசி ஓவர்லே வரில டிஎஸ்3231ன்னு சேருங்க, நேரத்தைக் குறிச்சு வைக்கிற ஃபேக் ஹெச்டபிள்யூ க்ளாக் பேக்கேஜை நீக்குங்க, ஒரு முறை நேரத்தைச் சரியா வச்சு மாட்யூல்ல எழுதுங்க.

வயர் நாலுதான்: மின்சாரம் பின் 1, எஸ்டிஏ பின் 3, எஸ்சிஎல் பின் 5, கிரவுண்ட் பின் 9. பின் 2ல, அதாவது 5 வோல்ட்ல மாட்டிடாதீங்க. மாட்யூல்ல இருக்கிற ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட் பையோட ஐ2சி பின்னுக்கு வந்துடும், அந்தப் பின் 3.3 வோல்ட் மட்டும்தான் தாங்கும். நீல நிறப் பெரிய மாட்யூலா இருந்தா அதுல சார்ஜ் ஏத்துற சுற்றும் உண்டு. 5 வோல்ட் குடுத்தா சார்ஜ் ஆகாத சிஆர்2032 பேட்டரிக்கும் சார்ஜ் ஏத்தப் பார்க்கும், பேட்டரி வீங்கிடும்.