டிவியில் ஒரே தட்டில் பிளக்கிற கல், கையில் ஏன் நொறுங்குகிறது?

கேள்வி: புதைபடிவம் தேடும் ஆர்வலர்களைக் காட்டும் நிகழ்ச்சிகளில், உருண்டைக் கல்லை ஒரு தட்டுத் தட்டினால் உள்ளிருக்கும் அம்மோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவம்) முழுசாக வெளியே வருகிறது. நிஜத்தில் குறுக்கே உடைகிறது. அடி தவறா, கல் தவறா?

பதில் 1: பெரும்பாலும் அடிதான். அம்மோனைட் தட்டையானது, கல்லின் பலவீனமான தளம் அதை ஒட்டியே ஓடும். நடுவில் ஓங்கி அடித்தால் குறுக்கேதான் போகும். கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பைச் சுற்றி லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை மங்கினால் உள்ளே விரிசல் விட்டாயிற்று, அதன்பிறகு உளி. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுத்தியலைத் தொடவே தொடாதீர்கள். எத்தனை வெறுங்கல் உடைந்தது என்பதை டிவியில் வெட்டிவிடுவார்கள்.

பதில் 2: உடைந்தால் சூப்பர் க்ளூ வேண்டாம், பின்னால் பிரிப்பது கஷ்டம். பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரையுங்கள்: நொறுங்கும் புதைபடிவத்தை உறுதிப்படுத்த 5–10 சதவீதம், ஒட்டுவதற்கு 50 வரை. ஈரமிருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். முதலில் நிழலில் உலரட்டும்.

பதில் 3: பெரிய எலும்புப் புதைபடிவத்துக்குப் பிளாஸ்டர் கட்டும் காட்சியில், இரண்டுக்கும் நடுவே வைக்கும் ஈர டிஷ்யூ தாள் சட்டென்று கடந்துபோகும். அதை விட்டால் பிளாஸ்டர் எலும்போடு ஒட்டி, பிரிக்கும்போது மேற்பரப்பும் பெயர்ந்து வரும். எடுக்கும் முன்பே இடம், பாறை அடுக்கு, தேதி எழுதிவிடுங்கள்.